லொக் புத்தகத்துக்குள் ஒரு அலை

ஓ.எல். கணிதம் எழுதின யாருக்கும் அந்தப் புத்தகம் ஞாபகம் இருக்கும். பரீட்சைக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக விடமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய அட்டவணைப் புத்தகம். பெயர் என்னவாக இருந்தாலும் எங்களுக்கு அது லொக் புத்தகம்தான். முன்பக்கங்களில் மடக்கை, பின்னால் சைன், கோசைன், தான்சன்.

சைன் 34 பாகை 27 நிமிடம் எவ்வளவு என்று கேட்டால் செய்வது இதுதான். 34 என்ற நிரையில் விரலை வை. 27 நிமிடத்தைத் தாண்டாத, அதுக்கு மிகக் கிட்ட இருக்கிற நிரலைப் பிடி. மிச்ச நிமிடத்துக்கு வலது ஓரத்தில் ‘இடை வித்தியாசம்’ என்று இருக்கும் சின்ன எண்ணைக் கடைசி இலக்கங்களோடு கூட்டு. விடை 0.5657. ஏன் இப்படி என்று நாங்களும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஏ.எல்.லுக்குக் கலைப்பிரிவு எடுத்ததோடு அந்தப் புத்தகத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன விடுமுறைக்கு, பொறியியல் படிக்கிற பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவனின் அறைக்குப் போனேன். மேசையில் தீப்பெட்டி அளவில் ஒரு சேர்கிட் பலகை. ஒன்லைனில் வாங்கினதாம். அதன் வயரை ஒசிலோஸ்கோப்பில் மாட்டி, லப்டொப்பில் 440 என்று அடித்தான். திரையில் ஒரு சைன் அலை வந்து நின்றது. நடுக்கமில்லை, பிசிறில்லை. பாடப்புத்தகத்தில் அச்சடித்த படம் மாதிரி.

“இது எங்கயிருந்து வருது?” என்று கேட்டேன். ஏதோ ஒன்று உள்ளே அதிர்கிறது என்றுதான் நினைத்தேன், வீணைக் கம்பி மாதிரி.

“ஒண்டும் அதிரேல்ல மச்சான். உள்ளுக்க லொக் புக் மாதிரி ஒரு டேபிள் இருக்கு. அதைப் பாத்துப் பாத்து வாசிக்குது. அவ்வளவுதான்.”

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. நான் வரலாறு படிக்கிறவன், இலத்திரனியல் தெரியாது. ஆனால் ஒரு அட்டவணை எப்படி அலையானது என்பது வரலாற்றுக் கேள்விதான். அதைத் தேடிப் போனதில் நான் கண்டது, மனிதர்கள் மீதியை என்ன செய்தார்கள் என்ற கதை. வகுத்தல் கணக்கில் கடைசியில் மிஞ்சுமே, அந்த மீதி.

அதிர்ந்த காலம்

முதலில், அலை உண்மையாகவே ஏதோ ஒன்று அதிர்ந்து வந்த காலம்.

1939 இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹியூலெட் என்ற மாணவர் தன் ஆய்வுக்காக ஒரு அலையாக்கி செய்தார். அலையாக்கி செய்வது அப்போது புதிதல்ல. ஒரு ஒலிபெருக்கியின் வெளியீட்டில் கொஞ்சத்தை எடுத்துத் திரும்ப உள்ளீட்டுக்கே கொடுத்தால் அது தானாகக் கத்தத் தொடங்கும். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் கேட்கிற கூச்சலும் அதேதான். பிரச்சினை, அந்தக் கூச்சலை அளவோடு வைத்திருப்பது. கொஞ்சம் குறைந்தால் அடங்கிப்போகும், கொஞ்சம் கூடினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு உருக்குலையும்.

ஹியூலெட் அதுக்குள் ஒரு சின்ன மின்குமிழைப் போட்டார். அலை பெருத்தால் குமிழின் இழை சூடாகும். சூடானால் அதன் தடை கூடும். தடை கூடினால் அலை அடங்கும். குமிழ் தானே காவல் நின்றது. அந்தக் கருவியைத் தன் நண்பர் டேவிட் பக்கார்டோடு சேர்ந்து ஒரு கராஜில் வைத்துச் செய்து 54.40 டொலருக்கு விற்றார்கள். ஹியூலெட் பக்கார்ட் கம்பனி தொடங்கியது அப்படித்தான். அதன் அடுத்த வடிவத்தில் எட்டை வோல்ட் டிஸ்னியின் நிறுவனம் ‘பன்டேசியா’ படவேலைக்காக வாங்கியது.

இப்படிப்பட்ட அலை அழகானது. ஆனால் அது பொருளின் குணத்தோடு கட்டுப்பட்டது. வெயில் ஏறினால் உதிரிகளின் அளவுகள் மாறும், அதோடு மீடிறனும் நகரும்.

இதை எங்கட வீடுகளில் இயந்திரம் தெரியாதவர்களும் அறிவார்கள். 90களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். அம்மா சொல்லுவா: “தம்பி சுத்துவான், அப்பா குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பார். செய்தி வாசிக்கேக்க ஸ்டேசன் நழுவிப் போகும். மெள்ளச் சுத்தினாலும் போகும், வேகமாச் சுத்தினாலும் போகும்.” ரேடியோவுக்குள்ளும் ஒரு அலையாக்கி உண்டு. நாங்கள் குமிழைத் திருப்பும்போது மாற்றுவது அதன் மீடிறனைத்தான். அதற்குக் கிடைக்கிற மின்னழுத்தம் ஆடினால் அதுவும் ஆடும். ஒரு செய்தியறிக்கையைக் கடைசிவரை கேட்பதற்கு ஒருவர் குமிழோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

நழுவாத அலை வேண்டும் என்றால் குவாட்ஸ் பளிங்கை வைக்கலாம். ஆனால் ஒரு பளிங்கு ஒரு மீடிறனில்தான் நிற்கும். நினைத்த மீடிறனுக்கு மாறவும் வேண்டும், மாறிய இடத்தில் அசையாமல் நிற்கவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரே கருவியிலிருந்து இலகுவில் கிடைக்கவில்லை. 1964 இல் அதே ஹியூலெட் பக்கார்ட் 50 மெகாஹேர்ட்ஸ் வரை 0.01 ஹேர்ட்ஸ் படிகளில் மாற்றக்கூடிய ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அலைகளைக் கலந்தும் வடிகட்டியும் பிரித்தும் அந்த வேலையைச் செய்தது. ஆய்வுகூடங்கள்தான் வாங்கக்கூடிய பெரிய இயந்திரம்.

எண்ணத் தொடங்கிய காலம்

மற்றப் பாதை இசையிலிருந்து வந்தது. 1957 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மாக்ஸ் மத்தியூஸ் என்ற பொறியியலாளர் ஐ.பி.எம். 704 கணினிக்கு ஒரு நிரல் எழுதினார். ஒலியை ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான எண்களாகக் கணித்து நாடாவில் பதிந்துவிட்டு, பிறகு அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றி ஸ்பீக்கரில் விடுவது. கணினி நியூயோர்க் நகரத்தில், எண்ணை ஒலியாக்கும் கருவி நியூ ஜேர்சியில். நாடாவைக் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும். முதலில் வந்தது நியூமன் குட்மன் அமைத்த 17 செக்கன் இசை.

ஒவ்வொரு எண்ணையும் புதிதாகக் கணிப்பது அந்தக் காலக் கணினிக்குப் பெரிய சுமை. அதனால் மத்தியூஸின் அடுத்தடுத்த நிரல்களில் ஒரு குறுக்குவழி வந்தது. அலையின் ஒரு சுற்றை மட்டும் ஒரு தடவை கணித்து நினைவகத்தில் அட்டவணையாக வைத்துவிடுவது. பிறகு அதை மறுபடி மறுபடி வாசிப்பது. உயர்ந்த சுரம் வேண்டுமா, அட்டவணையில் பெரிய பெரிய எட்டாக வை. தாழ்ந்த சுரம் வேண்டுமா, சின்ன எட்டு.

இதையே தனியான மின்சுற்றாக, கணினி இல்லாமல், ஓடுகிற வேகத்திலேயே செய்யலாம் என்று காட்டிய கட்டுரை 1971 மார்ச்சில் வந்தது. எழுதியவர்கள் ஜோசப் டியர்னி, சார்ள்ஸ் ரேடர், பேர்னாட் கோல்ட். மூவரும் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் லிங்கன் ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள். இன்று நேரடி இலக்கமுறைத் தொகுப்பு, சுருக்கமாக டி.டி.எஸ்., என்று சொல்லப்படுவதன் தொடக்கமாக எல்லோரும் காட்டுவது அந்தக் கட்டுரையைத்தான்.

லிங்கன் ஆய்வுகூடம் 1951 இல் அமெரிக்க வான் பாதுகாப்புக்காகத் தொடங்கப்பட்டது. ராடருக்கும், எதிரி குழப்ப முடியாதபடி மீடிறன் விட்டு மீடிறன் தாவும் இராணுவ ரேடியோவுக்கும், கண்ணிமைக்குள் மாறி அசையாமல் நிற்கிற அலை தேவை. சைக்கிள் டைனமோவில் செய்தி பிடித்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள். சுத்தமான அலையில் முதலில் அக்கறைப்பட்டவர்களில் இராணுவங்களும் இருந்தன என்பதைக் கடந்து போக முடியாது.

மீதியை எறியாத எண்ணி

சரி, அந்தப் பலகைக்குள் என்ன நடக்கிறது? சிநேகிதன் எனக்குக் கடதாசியில் கீறிக் காட்டினான். அதை அப்படியே சொல்கிறேன்.

ஒரு மணிக்கூட்டு வட்டத்தை நினையுங்கள். ஆனால் 12 க்குப் பதிலாக 16 கோடு, 0 முதல் 15 வரை. ஒரு துடிப்புக்கு 3 கோடு முன்னே போக வேண்டும். 0, 3, 6, 9, 12, 15. அடுத்தது 18. வட்டத்தில் 18 இல்லை. 16 ஐக் கழித்தால் 2. ஆகவே இரண்டாவது சுற்று 0 இல் தொடங்காது, 2 இல் தொடங்கும். 2, 5, 8, 11, 14. பிறகு 17, அதாவது 1. மூன்றாவது சுற்று 1, 4, 7, 10, 13. அடுத்தது 16, அதாவது 0. கணக்குச் சரி. 16 துடிப்பில் மிகச்சரியாக 3 சுற்று.

ஒவ்வொரு சுற்று முடியும்போதும் மீதியை எறிந்துவிட்டு 0 இலிருந்து தொடங்கியிருந்தால் என்ன ஆகும்? ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு. 16 துடிப்பில் மூன்று சுற்று முடிந்திருக்காது. மீடிறன் பிழைத்துவிடும். முழு நுட்பமும் அந்த 2 இலும் 1 இலும்தான் இருக்கிறது. மிஞ்சினதை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோ. பெப்ரவரி 29 உம் இதே வேலைதான். வருடத்தில் மிஞ்சுகிற கால் நாளை எறியாமல் சேர்த்து வைத்து நாலு வருடத்துக்கு ஒருக்கா செலவழிக்கிறோம்.

அவனுடைய பலகையில் இருந்த சிப் ஏ.டி.9850. அதன் வட்டத்தில் 16 கோடு இல்லை. 2 இன் 32 ஆம் அடுக்கு, அதாவது 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் கோடு. துடிப்பு ஒரு செக்கனுக்கு 12 கோடியே 50 இலட்சம். அந்தத் துடிப்பைத் தருவது ஒரு பளிங்கு. அது தன் ஒரே மீடிறனில் நின்றால் போதும். எத்தனை கோடு எட்டு வைப்பது என்ற எண்ணை மாற்றினால் மீடிறன் மாறும். மிகச் சின்ன மாற்றம் ஏறத்தாழ 0.03 ஹேர்ட்ஸ். நழுவாமையும் மாறும் வசதியும் கடைசியில் ஒரே இடத்தில்.

எண்ணி இப்போது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கோணம். அந்தக் கோணத்துக்குச் சைன் எவ்வளவு? அதற்குத்தான் அட்டவணை. கிடைத்த எண்ணை மின்னழுத்தமாக மாற்றி, படிக்கட்டு மாதிரி வருகிற அதன் ஓரங்களை ஒரு வடிகட்டியால் மழுக்கினால் நான் திரையில் கண்ட அலை.

அட்டவணைக்கு வயது எத்தனை?

அட்டவணையைப் பெரிதாக வைத்தால் சிப்பில் இடம் போகும். இடம் என்றால் காசு. அதனால் பொறியியலாளர்கள் அதைச் சுருக்கத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த ஒவ்வொரு சுருக்கத்தையும் வாசிக்கும்போது எனக்கு ஓ.எல். மண்டபம்தான் ஞாபகம் வந்தது.

முதல் சுருக்கம்: வட்டத்தின் கால்வாசிக்கு மட்டும் அட்டவணை போதும். 0 முதல் 90 பாகை வரை. மிச்சம் அதன் கண்ணாடி விம்பமும் குறி மாறினதும்தான். லொக் புத்தகத்திலும் சைன் 90 உடன் நிற்கிறது.

இரண்டாவது: 1984 இல் சண்டர்லாண்டும் சக ஆய்வாளர்களும் ஒரு சிப்புக்காக அட்டவணையை இரண்டாகப் பிரித்தார்கள். பருமட்டான கோணங்களுக்கு ஒன்று. அதோடு கூட்ட வேண்டிய சின்னத் திருத்தங்களுக்கு இன்னொன்று. இது எங்கட ‘இடை வித்தியாசம்’. விரலால் செய்ததைச் சிலிக்கனில் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது இசைக்கருவியில். 1967 இல் ஜோன் சௌனிங் ஸ்டான்போர்டில் கண்டுபிடித்த எஃப்.எம். ஒலித்தொகுப்பு முறையை யமஹா வாங்கி, 1983 இல் டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டாக விற்றது. 80களின் பாட்டுகளில் உலகம் முழுக்கக் கேட்ட ஒலி அது. அதன் சிப்பில் சைன் இல்லை, சைனின் மடக்கைதான் இருக்கிறது. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கப் பெருக்கல் வேண்டும், பெருக்கல் சிப்புக்குப் பாரம். மடக்கையாக வைத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். கூட்டி முடித்து முரண்மடக்கை பார்த்தால் விடை. இதைத்தானே நாங்களும் முதல் பக்கங்களில் செய்தோம்.

இன்னும் பின்னால் போவோம். 499 இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் ஒரு சைன் அட்டவணை உண்டு. கால்வட்டத்தை 24 ஆகப் பிரித்து 3 பாகை 45 நிமிடத்துக்கு ஒரு பெறுமானம். அதிலும் பெறுமானங்களைத் தரவில்லை, அடுத்தடுத்த வித்தியாசங்களைத்தான் தருகிறது. 225, 224, 222, 219 என்று தொடங்கி 37, 22, 7 என்று முடியும். எல்லாவற்றையும் கூட்டினால் 3438, அது எடுத்துக்கொண்ட ஆரை. மனப்பாடம் செய்பவனுக்குச் சின்ன எண் இலகு. சிப்புக்கும் அப்படியே. முழுப் பெறுமானத்துக்குப் பதிலாக வித்தியாசத்தைச் சேமிப்பது டி.டி.எஸ். இலும் நடைமுறையில் உள்ள வழி.

‘சைன்’ என்ற சொல்லே இந்தப் பயணத்தின் தழும்பு. வில்லின் நாண் என்ற பொருளுள்ள ‘ஜ்யா’, ‘ஜீவா’ அரபுக்குப் போய் ‘ஜீபா’ ஆனது. உயிரெழுத்துப் போடாமல் எழுதும் அரபில் அதை ‘ஜைப்’ என்றும் வாசிக்கலாம், அதன் பொருள் ஆடையின் மடிப்பு. 12 ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றியவர்கள் மடிப்பு என்றே எடுத்து ‘சைனஸ்’ என்று எழுதினார்கள். ஒரு பிழையான வாசிப்பு இன்று உலகம் முழுக்கப் பள்ளிக்கூடப் பலகையில் இருக்கிறது.

இந்த அட்டவணைகளை ஆட்கள் உட்கார்ந்து கணித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1790களில், பாரிசில் கஸ்பார் த புரோனி பிரமாண்டமான மடக்கை, சைன் அட்டவணைகளைத் தொழிற்சாலை மாதிரி உண்டாக்கினார். மேலே சில கணித வல்லுநர்கள், நடுவில் சில கணிப்பாளர்கள், கீழே அறுபது எண்பது பேர். கீழே இருந்தவர்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். வித்தியாசத்தைக் கூட்டு, அடுத்ததை எழுது, மறுபடி கூட்டு. டி.டி.எஸ். சிப்பின் எண்ணியும் பார்ப்பது இதே வேலைதான், செக்கனுக்குக் கோடிக்கணக்கில். அந்த மனிதர்கள் எழுதிய தொகுதிகள் அவர்கள் காலத்தில் அச்சேறவே இல்லை.

சுத்தம் என்பது என்ன?

அன்றைக்கு அறையில் நான் “சுத்தமான அலை” என்று வாய்விட்டுச் சொன்னபோது சிநேகிதன் சிரித்தான். மீடிறனைக் கூட்டிக்கொண்டே போய், ஒசிலோஸ்கோப்பில் இன்னொரு பொத்தானை அழுத்தினான். அலைக்குள் எந்தெந்த மீடிறன்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டுகிற திரை அது. நடுவில் ஒரு உயர்ந்த கம்பம். அதைச் சுற்றி, அடியில், புல் மாதிரிச் சின்னச் சின்னக் கம்பங்கள். யாரும் கேட்காத மீடிறன்கள்.

அவை மீதியின் வேலை. எண்ணியில் 32 இலக்கம் இருந்தாலும் அட்டவணைக்கு அவ்வளவு இடம் கிடையாது. மேலே உள்ள 14 இலக்கத்தை மட்டும் எடுத்து 16,384 இடங்களில் ஒன்றைப் பார்க்கிறது. கீழ் இலக்கங்களை அந்த நேரத்துக்கு வெட்டிவிடுகிறது. வெட்டினதால் வரும் பிழை சின்னதுதான், ஆனால் அது ஒரு ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒழுங்காகத் திரும்ப வருகிற எதுவும் ஒரு தொனியாகிவிடும். 1987 இல் ஹென்றி நிக்கலஸ், ஹென்றி சாமுவேலி என்ற இருவர் அந்தத் தொனிகள் எங்கெங்கே, எவ்வளவு உயரத்தில் வரும் என்று கணித்துக் காட்டினார்கள். பின்னாளில் புரோட்கொம் கம்பனியைத் தொடங்கினவர்களும் அவர்கள்தான்.

இதுக்கு ஒரு மருந்து உண்டு, கேட்டால் சிரிப்பு வரும். வெட்டுவதற்கு முன் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்துக் குலுக்கிவிடுவது. ஒழுங்கு குலைந்தால் தொனி குலையும். கம்பங்கள் தாழ்ந்து, அடியில் மெல்லிய இரைச்சலாகப் பரவிவிடும். பிழை போகவில்லை, ஊர் முழுக்கப் பங்கிடப்பட்டிருக்கிறது.

இன்னொரு வகைப் பிழையும் இருக்கிறது. அது எட்டின் அளவில் வருவது. 440 ஹேர்ட்ஸ் வேண்டும் என்றால் அந்தச் சிப்புக்குக் கொடுக்க வேண்டிய எட்டு 15,118.28. தசமம் கொடுக்க முடியாது, 15,118 தான் கொடுக்கலாம். அப்போது வருவது 439.99 ஹேர்ட்ஸ் சொச்சம். காதுக்குத் தெரியாது. ஆனால் இது வந்து வந்து போகிற பிழை இல்லை, சேர்கிற பிழை. ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் உண்மையான 440 ஐ விட ஒரு முழு அலை பின்னுக்கு நிற்கும். நாலு நிமிடத்தில் இரண்டு.

திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் பிழை இன்னொன்று. இந்த வேறுபாடு விளங்கினபோது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது பஞ்சாங்கம்.

இரண்டு பஞ்சாங்கம்

ஒவ்வொரு சித்திரையும் எங்கட வீடுகளில் இந்தக் கதை வரும். வாக்கியப்படி புத்தாண்டு இத்தனை மணிக்கு, திருக்கணிதப்படி இத்தனை மணிக்கு. எந்த நேரத்துக்கு மருத்துநீர் வைப்பது என்று அப்பம்மா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம்.

வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடியில் இருப்பது ஒரு அட்டவணை. சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் என்ற கடபயாதி முறையில், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாளைக்குரிய சந்திரனின் இடத்தைச் சொல்லும். ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிகக் கிட்ட வந்து மறுபடி அப்படிக் கிட்ட வர ஏறத்தாழ 27.55 நாள். ஒன்பது தடவைக்குக் கிட்டத்தட்ட 248 நாள். கிட்டத்தட்டத்தான், 13 நிமிடம் அளவு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை எறிந்துவிடாமல் அடக்குவதற்கு 3031 நாள், 12,372 நாள் என்று பெரிய சுற்றுகளையும் வைத்தார்கள். கடந்துபோன நாட்களை முதலில் பெரிய எண்ணால் வகு, மீதியை அடுத்ததால் வகு, அதன் மீதியை 248 ஆல் வகு. கடைசி மீதி எத்தனையோ அத்தனையாவது வாக்கியம். 1300 ஐ ஒட்டி எழுதப்பட்ட வாக்கியகரணம் இந்த முறையை விளக்குகிறது. சுற்று, மீதி, அட்டவணை. சிநேகிதன் கடதாசியில் கீறின அதே மூன்றும்.

1825 இல் சென்னையில் ஜோன் வாரன் என்பவர் ‘காலசங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, அட்டவணைகளை மனப்பாடத்திலிருந்தே சொல்லி, அந்த ஆண்டுச் சந்திரகிரகணத்தைக் கணித்ததை அவர் பதிந்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் நாலு நிமிடம்தான் பிழை. முடியும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1952 இல் கணித வரலாற்றாசிரியர் ஒட்டோ நொய்கபவர் இதை எடுத்து ‘தமிழ் வானியல்’ என்றே ஒரு ஆய்வு எழுதினார்.

இந்த இடத்தில் வழமையாக ஒரு வசனம் வரும்: “பார்த்தீங்களா, எங்கட ஆக்கள் அப்பவே கண்டுபிடிச்சிட்டினம்.” அதை நான் எழுதப்போவதில்லை. 1971 கட்டுரையை எழுதியவர்கள் வாக்கியத்தைப் பார்த்து எழுதவில்லை. சைன் அட்டவணைக்கு ஒரு நேரடி வம்சவழி உண்டு, வாக்கிய முறைக்கும் டி.டி.எஸ். க்கும் அப்படி இல்லை. ஒரே மாதிரிச் சிக்கலுக்கு ஒரே மாதிரி விடையை இரண்டு இடத்து மனிதர் கண்டார்கள். அதுவே போதுமான ஆச்சரியம்.

பெருமையை விட எனக்குப் பெரிதாகப்பட்டது பிழையின் கதை. வாக்கிய முறை எடுத்துக்கொண்ட வருடம் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 செக்கன். இன்று அளக்கிற நட்சத்திர வருடம் அதிலும் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைவு. மூன்று நிமிடம் என்ன பெரிய காரியம்? ஆனால் இது எட்டில் வந்த பிழை, வருடா வருடம் சேரும். இரண்டு பஞ்சாங்கமும் வேறுபடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் அதில் ஒன்று. மீதியை அவ்வளவு கவனமாகக் காத்த முறைதான். ஆனால் எட்டைத் திரும்ப அளந்து பார்க்கும் வேலை நின்றபோது அது நழுவத் தொடங்கியது. கேரளத்தில் மாதவரும் அவர் வழிவந்தவர்களும் 14, 15 ஆம் நூற்றாண்டுகளில் சைன் அட்டவணையையும் சந்திர வாக்கியங்களையும் திரும்பக் கணித்துத் திருத்தினார்கள். ஆக, திருத்துவதும் அந்த மரபுக்குள்ளேயே இருந்த ஒன்றுதான். திருத்துவதை மரபுக்கு விரோதம் என்று சொல்லுகிறவர்கள் மரபில் பாதியைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேலை

எனக்கு இந்தத் தேடல் ஒரு கூச்சத்தைத் தீர்த்தது. ஓ.எல். முடிந்த கையோடு எங்களைப் பிரித்துவிடுகிறார்கள். கணிதம் அவர்களுக்கு, வரலாறு எங்களுக்கு. அந்தப் பக்கத்தில் நடப்பது எங்களுக்கு மந்திரமாகிவிடுகிறது. மந்திரம் என்று நினைத்தால் ஒன்றில் கும்பிடுவோம், இல்லையென்றால் “எங்கட முன்னோர் முதலே செய்தவை” என்று உரிமை கொண்டாடுவோம். இரண்டிலும் விளங்கிக்கொள்ள வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. ஆனால் அந்த அலையின் முக்கால்வாசியை நான் பதினாறு வயதில் என் விரலாலேயே செய்திருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பழைய லொக் புத்தகம் கிடந்தால் எடுத்துச் சைன் பக்கத்தைத் திறவுங்கள். 0 பாகைக்குக் கிட்ட அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். பிறகு 90 க்குக் கிட்டப் பாருங்கள். முதலில் பெரிது, போகப் போகச் சின்னது, கடைசியில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. 225 இல் தொடங்கி 7 இல் முடிந்த அதே வரிசை. என்னுடைய புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரம் முழுக்கப் பென்சில் கோடு. எந்தக் கணக்குக்குப் போட்டேன் என்று ஞாபகம் இல்லை. விடை சரியா பிழையா என்றும் தெரியாது.